ஆகஸ்டில் ஓர் இழுப்பறை

காலை ஆறு மணிக்கு விமானம், என்றார் ஃபோல்க்மார் டீட்யன்.
கடவுச்சீட்டு இழுப்பறைக்குள்.
இழுப்பறை
நான் செய்தது.

ஜனவரியில் செய்தேன்.
வேசர் நதியோரம் உறைபனி. பட்டறையில் கணப்பு.
ஈரப்பதமானி ஏழு என்றது.
பீச் பலகைகள் அப்பளமாய்க் காய்ந்திருந்தன.
மேலே ஒரே ஒரு மில்லிமீட்டர் இடம் விட்டுப் பொருத்தி
ஒற்றை விரலால் தள்ளினேன்.
உள்ளிருந்த காற்று 'உஸ்' என்று வெளியேறியது.
அந்த ஓசைக்காகத்தான் செய்தேன் என்று
இப்போது ஒப்புக்கொள்ளலாம்.
மூன்று விட்டிருக்க வேண்டும்.

பீச்சிடம் குறை சொல்ல அதிகமில்லை.
ஆவியில் அவித்தால் இளஞ்சிவப்பு,
மேனியெங்கும் சீரகம் தூவியதுபோல் கீற்று.
வாசனை கிடையாது, ருசி கிடையாது.
அதனால் குழம்பில் கிடக்கும் கரண்டியாகும்,
பல் முளைக்கும் குழந்தை கடிக்கிற குதிரையாகும்.
கொதியாவியில் ஒரு மணி நேரம் வைத்து
சூடு ஆறுமுன் வளைத்தால்
நாற்காலியின் முதுகாகி
மறுபேச்சில்லாமல் நிற்கும்.
நாளெல்லாம் சுத்தியலடி வாங்கும்
என் வேலைமேசையும் அதுதான்.
மழையில் மட்டும் விட்டுவிடக் கூடாது.
சில கோடைகளுக்குள் பூஞ்சை தின்று முடித்துவிடும்.
தண்டவாளத்துக்கு அடியில் கிடத்தியவர்கள்கூடத்
தாரெண்ணெயில் ஊறப்போட்டுத்தான் கிடத்தினார்கள்.

இன்னொன்று,
அறுத்து அடுக்கிக் காயவைத்த பிறகும்
குடிப்பதை நிறுத்தாது.
காற்றில் ஈரம் ஏறினால் ஊதும்,
இறங்கினால் ஒடுங்கும்.
நீளவாக்கில் பரம சாது.
அகலவாக்கில்தான் அத்தனையும்.
ஹோல்ஸ்மிண்டனில் இந்த ஜூன், ஜூலை முழுக்க மழை.

'அறுத்துவிடுங்கள்' என்றார்.
கையில் ஒரு குட்டிக் கடப்பாரை.
கதவில் தொங்கியது மகள் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு.
மாண்ட்ரியலில் கல்யாணம்.
அறுக்க மாட்டேன் என்றேன்.
இழைக்கலாமே என்றார்.
உள்ளே மாட்டிக்கொண்ட பலகையை
எந்த இழைப்புளி தொடும்?
பக்கத்து வீட்டு ஓட்டீலியே
தலை உலர்த்தும் கருவியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.
அரை மணி நேரம் ஊதினோம்.
இரண்டு மாதம் குடித்ததை
அரை மணியில் யார் கக்குவார்கள்?

எப்போது தோன்றியது என்று தெரியவில்லை.
'பிடியுங்கள்' என்றேன்.
மூவருமாக அலமாரியைத் திருப்பினோம்.
சுவரில் அதன் அளவுக்கு ஒரு வெளிர்சதுரம்.
முதுகில் ஒட்டுப்பலகை, எட்டுத் திருகாணி.
கழற்றினேன்.
ரப்பர் சுத்தியலால் பின்னாலிருந்து தட்டிப் பார்த்தேன்,
அசையவில்லை.
ஆனால் இழுப்பறையின் பின்சுவர்
எப்போதும் ஒரு கை தாழ்ந்திருக்கும்.
முழங்கைவரை விட்டுத் துழாவினேன்.
ஒரு பேட்டரி. மருந்துக்கடை ரசீது.
ஏதோ பொத்தான், திரும்பப் போட்டுவிட்டேன்.
அப்புறம் அட்டை.

டீட்யன் அதை வாங்கவில்லை.
தரையில் உட்கார்ந்து
இவ்வளவு நாளும் முன்பக்கத்தோடு மல்லுக்கட்டிய மனிதர்
திறந்த முதுகைப் பார்த்துச்
சிரிக்க ஆரம்பித்தார்.
ஓட்டீலியேதான் பிடுங்கி அவர் பையில் வைத்தார்.

அக்டோபரில், இரவு பத்தரைக்குத் தொலைபேசி.
'ஹீட்டர் போட்டு மூன்றாம் வாரம்.
டிக் என்று ஒரு சத்தம்.
போய் இழுத்தேன். வந்துவிட்டது.'
உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டேன்.
'ஒரு பொத்தான்.'
கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.
மூடித் திறக்கும் ஓசை மட்டும்
இரண்டு முறை கேட்டது.

அன்றிரவே தள்ளிப்போட்ட பில்லை எழுதினேன்.
திருகாணி எட்டு, கழற்றி மாட்டியது.
மர வேலை: இல்லை.
தவறு யாருடையது என்று எழுத
படிவத்தில் கட்டம் கிடையாது.
ஓரத்தில் பென்சிலால்:
மே மாதத்துக்குள் கூப்பிடுங்கள்.
உங்களுக்கு நான்
இரண்டு மில்லிமீட்டர் பாக்கி.